வேலை பொது, கணக்கு தனியா?

தமிழ்நாட்டில் ஒரு ரேஷன் கடைக்கு வந்து இறங்கும் அரிசி அரசுடையது. அதற்கான மானியம் சட்டமன்றத்தில் ஒப்புதல் பெற்ற பணம். குடும்ப அட்டையைக் கொடுப்பது அரசுத் துறை. யாருக்கு எத்தனை கிலோ என்பதைத் தீர்மானிப்பது அரசாணை. ஆனால், தராசுக்குப் பின்னால் நின்று எடைபோடும் விற்பனையாளர் பெரும்பாலான கடைகளில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஊழியர். போன மாதம் இந்தக் கடைக்கு எத்தனை மூட்டை வந்தது என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுப் போட்டால், பதில் சொல்லும் சட்டக் கடமை அந்த அலுவலகத்துக்கு உண்டு. அதே கேள்வியைக் கடையை நடத்தும் சங்கத்திடம் எழுதிக் கேட்டால், “தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது” என்று ஒற்றை வரியில் முடித்துவிடலாம். அந்த வரிக்குத் துணையாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. அரிசி அதேதான், அட்டைதாரரும் அதே ஆள்தான். காகிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து உரிமை தோன்றுகிறது, மறைகிறது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் கேட்டது மிக எளிய ஒன்று: பஞ்சநிவாரண வேலைகளின் கூலிப் பட்டியலையும் செலவு ரசீதுகளையும் காட்டுங்கள். பட்டியல் ஊர் நடுவே வாசிக்கப்பட்டபோது, வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எடுக்கப்பட்டது வெளியே வந்தது. அந்தக் கோரிக்கையின் நீட்சியாகத்தான் 2005 அக்டோபர் 12-ல் நாடு முழுவதும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கத் தடை, காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலர்மீது அபராதம் என்று, சாமானியருக்குச் சாதகமாக இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சட்டங்கள் நம்மிடம் குறைவு. ஆனால், அன்று ராஜஸ்தானில் கூலி கொடுத்ததும் அரசு, பட்டியலை வைத்திருந்ததும் அரசு. இன்று அதே மாதிரியான வேலையை ஒப்பந்த நிறுவனம் எடுத்துச் செய்கிறது. வருகைப் பதிவேடு அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கிறது. வேலை இடம் மாறிவிட்டது, சட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது. அரசின் வேலை எவர் கைக்குப் போனாலும், அந்த வேலை குறித்துப் பதில் சொல்லும் கடமையும் அதே கைக்குப் போயாக வேண்டும். அதற்காகச் சட்டத்தின் வரம்பு விரிவுபட வேண்டும்.

வரம்பைத் தீர்மானிப்பது பிரிவு 2(எச்). ‘பொது அதிகார அமைப்பு’ என்றால் என்ன என்று அது வரையறுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தாலோ, நாடாளுமன்ற, சட்டமன்றச் சட்டங்களாலோ, அரசின் அறிவிக்கையாலோ ஆணையாலோ உருவாக்கப்பட்டவை அதில் முதல் வகை. இவற்றில் சச்சரவு அதிகம் இல்லை. அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள, அல்லது அரசின் நிதியைக் கணிசமாகப் பெறுகிற அமைப்புகளும், நேரடியாகவோ மறைமுகமாகவோ கணிசமான அரசு நிதி பெறும் அரசுசாரா நிறுவனங்களும் இரண்டாவது வகை. இருபது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்குகளில் பெரும்பகுதி, ‘கட்டுப்பாடு’, ‘கணிசமான’ என்ற இரு சொற்களைச் சுற்றியே சுழல்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஓர் அமைப்பு எப்படிப் பிறந்தது, அதன் பணம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் விசாரிக்கும் இந்த வரையறை, அது என்ன வேலை செய்கிறது என்று ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை.

இதன் விளைவை 2013 அக்டோபர் 7-ல் வந்த தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கின் தீர்ப்பில் பார்க்கலாம். கூட்டுறவுச் சங்கங்களும் தகவல் சட்டத்துக்குள் வரும் என்று கேரளத்தில் பதிவாளர் சுற்றறிக்கை அனுப்பினார்; சங்கங்கள் எதிர்த்தன. உச்ச நீதிமன்றம் சங்கங்களின் பக்கம் நின்றது. மேற்பார்வையிடுவதும் ஒழுங்குபடுத்துவதும் கட்டுப்பாடு ஆகாது; அரசின் கட்டுப்பாடு மெய்யாகவும் பெரிய அளவிலும் இருக்க வேண்டும் என்றது. நிதி விஷயத்தில் இன்னும் உயரமான வேலி போட்டது. அரசின் பணம் இல்லாவிட்டால் அந்த அமைப்பு பிழைத்திருப்பதே கடினம் என்ற நிலை இருந்தால்தான் ‘கணிசமான நிதி’ என்று கொள்ள முடியும் என்று விளக்கியது. சட்டத்தில் உள்ள சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது எளிதல்ல. உறுப்பினர்கள் கூடித் தொடங்கிய, தங்கள் பங்குத்தொகையிலும் வைப்புத்தொகையிலும் நடக்கும் ஒரு சங்கத்தை அரசு அலுவலகம் என்று எப்படிச் சொல்வது? கோளாறு வரையறையில் இருக்கிறது. சங்கம் தன் உறுப்பினர்களுக்காகச் செய்யும் வேலையையும் அரசுக்காகச் செய்யும் வேலையையும் பிரித்துப் பார்க்க நீதிபதிகளுக்கு அந்த வரையறை இடமே தரவில்லை. உள்ளே அல்லது வெளியே என்ற இரண்டு பதில்கள்தான் அதில் சாத்தியம்.

தமிழ்நாட்டுக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுவதாக அரசு அறிவித்தது. அதன் பிறகு ஆட்சி மாறி, ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன்களின் தள்ளுபடியும் வந்தது. இந்தப் பணம் முழுவதும் மக்களின் வரிப்பணம். கடன் கொடுத்ததும், யார் எவ்வளவு பாக்கி என்ற பதிவேட்டை வைத்திருந்ததும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள். மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று தகவல் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. அரசு அலுவலகம் ஒன்றே நேரடியாக இந்தத் தள்ளுபடியைக் கொடுத்திருந்தால் அந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. சங்கம் வழியாகப் போனதால், கடைசிப் படியில், அதாவது பட்டியலில் ஒரு பெயர் எப்படிச் சேர்ந்தது, இன்னொரு பெயர் ஏன் விடுபட்டது என்ற இடத்தில், கடமை தேய்ந்துபோகிறது. பல மாநிலங்களில் செயல்படும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டத்தை மத்திய அரசு 2023-ல் திருத்தியபோது, தகவல் அலுவலர் ஒருவரை நியமிப்பதற்கு வழிசெய்தது. தேவையை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. ஆனால், அந்த அலுவலர் உறுப்பினர்களுக்குத்தான் பதில் சொல்வார். வரி கட்டியவருக்கு அங்கே இடமில்லை.

நீதிமன்றங்கள் எல்லா நேரமும் குறுகலாகவே பார்த்தன என்று சொல்வது நியாயமாகாது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. அரசு நிறுவனமான டிட்கோவும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் அதன் பொறுப்பில் இருந்தன. தாங்கள் கம்பெனி, அரசு அல்ல என்று அந்த நிறுவனம் வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. 2019 செப்டம்பரில் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றமும் வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. கணிசமான நிதி என்றால் பாதிக்கு மேல் என்று பொருள் இல்லை, நகரத்தில் அரசு இலவசமாகவோ சலுகை விலையிலோ கொடுத்த நிலமே கணிசமான உதவியாகலாம் என்றது. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஓர் அமைப்பைப் பற்றிய தீர்ப்பு. அடுத்த அமைப்புக்கு அடுத்த வழக்கு. இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓர் அமைப்பு அரசு நிதியில் நடக்கிறது என்று நிரூபிக்க மனுதாரருக்கு அதன் வரவு செலவுக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்க, அது அரசு நிதியில் நடக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். பத்து ரூபாய் கட்டி மனுப் போடும் ஒருவர், மூத்த வழக்கறிஞர்களை வைத்து வாதாடும் ஒரு நிறுவனத்துக்கு எதிரே இந்த வட்டத்துக்குள் நின்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். பிரச்சினை வேகமாக வளர்வது இங்கேதான். தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையை அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நடத்துவது அரசுக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனம். சென்னை மாநகராட்சியின் குப்பை சேகரிப்பு மண்டலம் மண்டலமாகத் தனியார் வசம் போயிருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, அவர்களின் அச்சங்களில் முதன்மையானது கூலி. மாநகராட்சி நேரடியாகக் கூலி கொடுத்தால், எத்தனை பேர், எவ்வளவு, என்ன பிடித்தம் என்று எவரும் கேட்கலாம். ஒப்பந்த நிறுவனம் கொடுத்தால், மாநகராட்சி தன்னிடம் வந்துசேர்ந்த ஆவணங்களை மட்டுமே தரும். தனியார் அமைப்பைப் பற்றிய தகவலை வேறு எந்தச் சட்டத்தின்படியாவது அரசு பெற முடியும் என்றால் அதையும் பெற்றுத் தர வேண்டும் என்று பிரிவு 2(எஃப்) சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது சட்டம் தந்த அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது, ஒப்பந்தம் தந்த அதிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை ஆம்புலன்ஸ்கள் ஓடாமல் நின்றன, அழைத்த இடத்துக்குப் போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது பற்றி அரசுக்கு மாதச் சுருக்கம் வரலாம். மூலப் பதிவேடு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று விதித்த சட்டம், உயிர் காக்கும் வண்டியின் பதிவேட்டை நேரடியாகத் தொட முடியாமல் நிற்கிறது.

வரையறையை எப்படி மாற்றுவது? ஒரு கேள்வி பெரும்பாலான இடங்களில் விடை தந்துவிடும்: இந்த அமைப்பு இந்த வேலையைச் செய்யாவிட்டால் அரசே இதைச் செய்தாக வேண்டுமா? ஆம் என்றால், அந்த வேலை சம்பந்தப்பட்ட அளவுக்கு அந்த அமைப்பு சட்டத்தின் கீழ் வர வேண்டும். ரேஷன் கடை, ஆம்புலன்ஸ், குப்பை, குடிநீர், சுங்கச்சாவடி எல்லாம் இந்தக் கேள்வியில் சிக்கும். அதே ஒப்பந்த நிறுவனம் வேறெங்கோ நடத்தும் தனி வியாபாரம் சிக்காது. இது ஆகாயத்திலிருந்து பறித்து வந்த யோசனை இல்லை. இலங்கையின் 2016-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம், அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தம், கூட்டாண்மை, உரிமம் ஆகியவற்றின் பேரில் பொதுப் பணியைச் செய்யும் தனியார் அமைப்புகளை அந்தப் பணியின் அளவுக்கு உள்ளே கொண்டுவந்திருக்கிறது. அரசு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளும் அங்கே உள்ளே வருகின்றன. எண் எழுதப்பட்டிருப்பதால் ‘கணிசமான’ என்பதற்குப் பொருள் தேடி நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. வங்கதேசத்தின் 2009 சட்டத்திலும் அரசு ஒப்பந்தத்தில் பொதுப் பணி செய்யும் அமைப்புகளுக்கு இடமுண்டு. பிரிட்டனில் ரயில் பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் 2015-லும், ஸ்காட்லாந்தில் வீட்டு வசதிச் சங்கங்கள் 2019-லும் தகவல் சட்டத்தின் கீழ் வந்தன. வாடகைக்குக் குடியிருப்பவர் தன் வீட்டு உரிமையாளராகிய சங்கத்திடம் தீப்பாதுகாப்பு ஆய்வைக் கேட்க அங்கே சட்ட உரிமை இருக்கிறது. தெற்காசியாவில் வலுவான தகவல் சட்டத்துக்கு முன்மாதிரி என்று பெயரெடுத்த நாம், இந்த ஒரு விஷயத்தில் அண்டை நாடுகளுக்குப் பின்னால் நிற்கிறோம்.

மேலே சொன்ன கேள்வியில் அரசியல் கட்சிகள் சிக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்சி இல்லாவிட்டால் அந்த வேலையை அரசு செய்யப்போவதில்லை. கட்சிகளை உள்ளே கொண்டுவரும் நியாயம் வேறு: அவைதான் அரசையே உருவாக்குகின்றன. 2013 ஜூன் 3-ல் மத்திய தகவல் ஆணையத்தின் முழு அமர்வு, காங்கிரஸ், பாஜக, மார்க்சிஸ்ட், இந்திய கம்யூனிஸ்ட், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய ஆறு கட்சிகளும் பொது அதிகார அமைப்புகளே என்று உத்தரவிட்டது. தலைநகரில் சலுகை விலையில் நிலம், குறைந்த வாடகையில் பங்களா, முழு வருமான வரி விலக்கு, தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் என்று அரசிடமிருந்து கட்சிகள் பெறுவதை அது அடுக்கிக் காட்டியது. எதிலும் ஒன்றுசேராத கட்சிகள் இந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதில் ஒன்றுசேர்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், கட்சிகளை விலக்கிவைக்கும் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது, நிறைவேறாமல் காலாவதியானது. 2015-ல், உத்தரவு செல்லும், ஆனால் நிறைவேற்றவைக்கத் தன்னிடம் வழியில்லை என்று ஆணையமே கைவிரித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

இடையில் என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். 2018 முதல் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் தேர்தல் பத்திரங்களாகக் கட்சிகளுக்குப் போனது; கொடுத்தவர் யார் என்பது வாக்காளருக்கு மட்டும் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தை ரத்துசெய்தபோது, கட்சிகளுக்கு வரும் பணத்தைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) பிரிவின் கீழ் தெளிவுபடுத்தியது. விவரங்களை வெளியிட ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்த சில நாட்களில் பட்டியல் வெளியானது. ஒரு நாடு தன் ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அரசமைப்பு அமர்வு தேவைப்பட்டது. கட்சிகளின் உள்விவாதங்களை, வேட்பாளர் தேர்வில் யார் என்ன பேசினார்கள் என்பதை எதிராளிகள் மனுப் போட்டுக் கறப்பார்கள் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அவற்றை விலக்கிவிட்டு, வரவு, செலவு, அரசிடமிருந்து பெற்ற நிலம், கட்டடம், சலுகைகள் இவற்றை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். கட்சிகளைத் தன் தகவல் சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்த்த நேபாளத்தில் கட்சி அரசியல் நின்றுபோய்விடவில்லை.

வரையறை பணத்தைச் சுற்றியே எழுதப்படுவதன் ஆபத்துக்கு 2025-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் புத்தம் புதிய எடுத்துக்காட்டு. அங்கீகாரம் பெற்ற விளையாட்டு அமைப்புகளைத் தகவல் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் வகையில் தொடங்கிய மசோதா, நிறைவேறும்போது அரசின் நிதியுதவி பெறும் அமைப்புகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. அதுவும் அந்த நிதியைச் செலவிட்ட அளவுக்கு மட்டும். வில்வித்தைச் சங்கம் பதில் சொல்ல வேண்டும். அரசிடம் கைநீட்ட வேண்டிய தேவையே இல்லாத கிரிக்கெட் வாரியம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான இந்த வாரியம்தான் இந்தியா என்ற பெயரில் அணியை அனுப்புகிறது. 1997 முதல் 2007 வரை 2,168 கோடி ரூபாய் வரிவிலக்கு பெற்றதைச் சுட்டிக்காட்டி, அதைத் தகவல் சட்டத்துக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது 2018-ல் சட்ட ஆணையத்தின் 275-ஆவது அறிக்கை. வாங்காத வரியும் அரசு கொடுத்த பணம்தான். அதை நிதியுதவி என்று எண்ண நம் சட்டம் தயங்குகிறது. பிஎம் கேர்ஸ் நிதியம் இதன் மறுகோடி. பிரதமர் தலைவர், உள்துறை, பாதுகாப்பு, நிதி அமைச்சர்கள் அறங்காவலர்கள், 2020 மார்ச்சில் தொடங்கிய ஐந்து நாட்களில் 3,076 கோடி ரூபாய் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களும் கொடுத்தன. இருந்தும், பணம் அரசின் தொகுப்பு நிதிக்குள் வராததால் இது பொது அதிகார அமைப்பு இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. ஒரு நாட்டின் அமைச்சரவையின் மேல்வரிசை நடத்தும் நிதியத்தைவிடப் பொதுவானது எது என்று கேட்டால் இந்த வரையறையிடம் பதில் கிடையாது.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். தனியார் நிறுவனங்களின் வணிக ரகசியம் போட்டியாளர் கைக்குப் போகும், அதனால் நல்ல நிறுவனங்கள் அரசு ஒப்பந்தங்களுக்கே வராது என்பது முதலாவது. வணிக ரகசியத்துக்குப் பிரிவு 8(1)(டி) ஏற்கெனவே பாதுகாப்புத் தருகிறது. பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது விலகும். இதைவிட அச்சமூட்டும் வாதத்தை ரிசர்வ் வங்கி முன்வைத்தது. வங்கிகளின் ஆய்வறிக்கைகளை வெளியிட்டால் நாட்டின் பொருளாதார நலனே பாதிக்கப்படும், வங்கிகள் நம்பிக்கையின் பேரில் தந்த தகவல் அது என்றது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. ரிசர்வ் வங்கியின் கடமை மக்களுக்கே, தான் மேற்பார்வையிடும் வங்கிகளின் ரகசியங்களைக் காப்பது அதன் வேலையல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதன் பிறகு வங்கித் துறையில் நேர்ந்த சேதங்களைப் பட்டியலிட்டால், வாராக்கடன்களை மறைத்ததால் வந்தவை நிறைய இருக்கும். மனுதாரர் ஒருவர் ஆய்வறிக்கை வாங்கியதால் வந்தது ஒன்றும் இருக்காது.

சிறிய அமைப்புகளுக்கு இது தாங்க முடியாத சுமை என்பது இரண்டாவது வாதம். இதை லேசாக ஒதுக்கக் கூடாது. ஒரு செயலாளரும் ஓர் எழுத்தருமாக நடக்கும் கிராமக் கடன் சங்கத்திடம் தகவல் அலுவலர், மேல்முறையீட்டு அலுவலர் என்று தனித்தனியாக ஆள் வைக்கச் சொன்னால் அது ஏட்டோடு நின்றுவிடும். மேல்முறையீட்டை வட்ட அளவிலான கூட்டுறவு அலுவலரிடம் விடலாம். ஆண்டு வரவுசெலவுக்கு ஓர் எல்லை வகுத்து, அதற்குக் கீழே உள்ளவை அரசுத் திட்டங்கள் குறித்த பதிவேடுகளைத் தாமாக வெளியிட்டால் போதும் என்று வைக்கலாம். மனுப் போட்டு மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் பெருகுவார்கள் என்ற புகாருக்கும் விடை இங்கேயே இருக்கிறது. மறைத்து வைத்த காகிதத்துக்குத்தான் விலை உண்டு. பயனாளிப் பட்டியலும் இருப்புப் பதிவேடும் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் அதை வைத்து யாரையும் மிரட்ட முடியாது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. இருக்கும் ஆணையங்களே திணறுகின்றன; நாடு முழுவதும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளும் புகார்களும் தேங்கியிருக்கும்போது புதிய அமைப்புகளையும் சேர்த்தால் உரிமை காகிதத்தில் மட்டும் பெரிதாகும் என்கிறார்கள், இந்தச் சட்டத்தின் நண்பர்களிலேயே சிலர். தேக்கம் உண்மை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? ஆணையர் பதவிகள் மாதக்கணக்கில் காலியாக விடப்பட்டன. 2019 திருத்தம் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசின் விதிகளுக்குக் கீழே கொண்டுபோனது. ஐந்து ஆண்டு மூன்றானது. 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகப் பிரிவு 8(1)(ஜே)-யும் மாற்றப்பட்டு, தனிநபர் தகவல் என்று ஒரு சொல் சொல்லி மறுக்க இடம் உண்டாக்கப்பட்டிருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது; ஆனால் நிரூபிக்கும் சுமை மனுதாரர் தலையில் கூடுகிறது. சட்டத்தை உள்ளிருந்து இளைக்கவைத்துவிட்டு, இளைத்திருக்கிறது, பாரம் ஏற்றாதீர்கள் என்று சொல்வதை ஏற்க முடியாது. காலியிடங்களை நிரப்புவதும் வரம்பை விரிப்பதும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டிய வேலைகள் இல்லை.

மத்தியச் சட்டத்தின் பிரிவு 2(எச்)-ஐ நாடாளுமன்றம்தான் திருத்த முடியும். கட்சிகளின் மனநிலையைப் பார்த்தால் அது விரைவில் நடக்கும் என்று நம்பக் காரணம் இல்லை. தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டிலேயே முதலாவதாக, 1997-ல் தகவல் உரிமைக்கென்று சட்டம் இயற்றிய மாநிலம் இது. விதிவிலக்குகள் மலிந்த பலவீனமான சட்டம்தான் அது, ஆனாலும் மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முந்தியது. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, அரசுத் திட்டம் எதையும் நிறைவேற்றும் சங்கம் அது தொடர்பான பதிவேடுகளைக் கேட்பவர் எவருக்கும் காட்ட வேண்டும் என்று விதிக்கச் சட்டமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. பதிவாளர் பொது அதிகார அமைப்பு என்பதையும், சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் பெறக்கூடியதை மனுதாரருக்குத் தர வேண்டும் என்பதையும் தலப்பலம் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. எனவே பதிவாளர் எதையெல்லாம் கேட்டுப் பெறலாம் என்ற பட்டியலை விரித்து எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒப்பந்தங்களுக்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். இந்தப் பணி தொடர்பான எல்லாப் பதிவேடுகளும் அரசுக்குச் சொந்தமானவை, கேட்ட ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் பில் தொகையில் பிடித்தம் செய்யப்படும் என்று மூன்று வரி எழுதினால் போதும். அடுத்த டெண்டர் அறிவிப்பிலேயே அதைச் சேர்க்கலாம்.